டாக்டருக்கு ஒரு ஓபி சீட்டு

ஊருக்கெல்லாம் மருந்து எழுதுபவர்கள் தங்கள் நோயை மட்டும் மறைக்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம். விஷயம் வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

கோலார் தங்க வயலை நேரில் பார்த்திராத மருத்துவ மாணவர்கள்கூட அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள். சமூக மருத்துவப் பாடத்தில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் பற்றிய பகுதியில் அது வருகிறது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1947ல், கோலார் தங்கச் சுரங்கங்களில். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவும் தகவல்.

அந்தத் தகவலுக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து போய், பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பாறையைத் துளைத்தவர்கள். பாறைத் தூசி நெஞ்சில் படிந்து வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். இருமலும் மூச்சிரைப்பும் வெளியே தெரியும்போது பாதி நுரையீரல் போயிருக்கும். ‘நோய்’ என்று டாக்டர் எழுதிவிட்டால் வேலை என்னவாகும்? எந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும் புரியும் பயம் இது.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளிகளின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி இன்னும் பறக்கிறது. 30 கிலோமீட்டர் தள்ளி, கோலார் நகரை ஒட்டிய டமகாவில் 1986லிருந்து ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சுரங்க ஊர்ப் பிள்ளைகளின் கனவுகளில் வெள்ளைக் கோட்டுக்கும் இடமுண்டு.

ஆனால் அந்தக் கோட்டுக்குள்ளும் ஒரு தூசி படிகிறது. அதைக் காட்ட எக்ஸ்ரே கிடையாது. அதே பழைய பயம் மட்டும் அங்கேயும் இருக்கிறது: எழுதிவிட்டால் என்னவாகும்?

எண்கள் சொல்வது

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024ல் தந்த அறிக்கை இந்தப் பயத்தின் அளவைக் காட்டுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸின் மனநலப் பேராசிரியர் டாக்டர் சுரேஷ் படா மத் தலைமையில் இயங்கிய குழு அது. ஆன்லைன் கணக்கெடுப்பில் 25,590 எம்பிபிஎஸ் மாணவர்களும், 5,337 முதுநிலை மாணவர்களும், 7,035 ஆசிரியர்களும் பதில் அளித்தார்கள். தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பது டாக்டரால் கண்டறியப்பட்டிருக்கிறது என்று சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்கள் 27.8 சதவீதம். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் எம்பிபிஎஸ் மாணவர்களில் 16.2 சதவீதம், முதுநிலை மாணவர்களில் 31 சதவீதத்துக்குச் சற்று மேல்.

தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. நாட்டின் எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பெயர் சொல்லத் தேவையில்லை என்றதும் ஆயிரக்கணக்கானவர்கள் மனம் திறந்திருக்கிறார்கள் என்பதே ஒரு சேதி.

முன்னதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணையம் தந்த பதிலில் 5 ஆண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகக் கணக்கு வந்தது. எம்பிபிஎஸ் 64 பேர், முதுநிலை 58 பேர். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் 1,270 பேர். அவர்களில் 1,117 பேர் முதுநிலை மாணவர்கள்.

யாரிடம் போவது?

சாதாரண நோயாளிக்கு இல்லாத ஒரு சிக்கல் டாக்டருக்கு உண்டு. சின்ன ஊரில் மனநலப் பிரிவு வாசலில் அவர் உட்கார முடியாது. ஓபி சீட்டு போடுபவருக்கு அவரைத் தெரியும். மருந்து கொடுப்பவருக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர் நேற்று அவரிடமே ஊசி போட்டுக்கொண்டவராக இருக்கலாம். மாணவர் நிலைமை இன்னும் மோசம். கல்லூரி ஆஸ்பத்திரியில் சிகிச்சை தர வேண்டிய பேராசிரியர்தான் அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரப் போகிறவர். கேஸ் ஷீட்டை எடுத்து வரும் பயிற்சி டாக்டர் விடுதியில் பக்கத்து அறைக்காரர்.

ஆகவே டாக்டர்கள் சுலபமான வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்கிறார்கள். தூக்கம் வராவிட்டால் மாத்திரை. சோர்ந்தால் வேறொரு மாத்திரை. எந்த மருந்தையும் கைநீட்டி எடுக்க முடியும் என்பது இந்தத் தொழிலின் வசதி, அதுவே ஆபத்து.

மனநலத்தில் மட்டும் இந்த மறைப்பு நடப்பதில்லை. வார்டில் நாள் முழுவதும் நிற்பவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு அதிகம். இரண்டு வார இருமலை நோயாளியிடம் கண்டால் உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர், தன் இருமலுக்கு அலர்ஜி என்று பெயர் வைக்கிறார். எச்ஐவி நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ‘யாருக்காவது தெரிந்துவிடுமோ’ என்ற தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் பாதுகாப்பைக் குறைக்கிறது.

சட்டம் பக்கபலம்

பயப்படும் அளவுக்குச் சட்டம் எதிரி அல்ல. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க நோயாளிக்கு உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. எச்ஐவி நிலையை வெளியிடுவதைத் தடுக்கவும் 2017ல் தனிச் சட்டம் வந்துவிட்டது.

நோயாளி என்றால் டாக்டரும் நோயாளிதான். இந்த உரிமைகள் கோட் போட்டவருக்கும் பொருந்தும். ஆனால் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் பரவும் பேச்சைச் சட்டத்தால் நிறுத்த முடிவதில்லை.

லண்டன் தந்த பாடம்

இந்தப் பேச்சுக்குப் பயந்ததன் விலை என்ன என்பதை பிரிட்டன் 2000த்தில் பார்த்தது. டாக்டர் தக்ஷா எம்சன் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மனநல மருத்துவர். அவருக்கே இருதுருவ மனநோய் இருந்தது. வேலை பறிபோகுமோ என்று நோயைத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபரில் அவரும் அவருடைய கைக்குழந்தையும் உயிரிழந்தனர். 2003ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, மருத்துவத் துறைக்குள்ளேயே மனநோய்க்கு இருக்கும் அவப்பெயரைச் சுட்டிக்காட்டியது. மற்றவர்களின் மனதுக்கு மருந்து தந்தவர் தன் துறையிலேயே அதை மறைக்க வேண்டியிருந்தது.

2008ல் டாக்டர்களுக்கென்றே ரகசிய சிகிச்சைச் சேவை லண்டனில் தொடங்கியது. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் டாக்டர் நேரடியாக அங்கே போகலாம். பின்னர் அது இங்கிலாந்து முழுவதும் விரிந்தது. அமெரிக்காவில் கொரோனா முதல் அலையின்போது, 2020 ஏப்ரலில், நியூயார்க் அவசர சிகிச்சை டாக்டர் லோர்னா பிரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போனால் மருத்துவ உரிமம் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது.

இங்கே என்ன இருக்கிறது?

நிம்ஹான்ஸை முதன்மை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். கோலாரில் உள்ள மாணவருக்கு இதில் ஒரு தனி வசதி: எதிர்முனையில் இருப்பவர் அவருடைய பேராசிரியர் அல்ல. நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூர் ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம். தூரமே அங்கே திரையாகிவிடுகிறது.

ஆனால் போன் எண் மட்டும் போதாது. மத்திய அரசின் 1992 ஆம் ஆண்டு ரெசிடென்ஸி விதி வாரம் 48 மணி நேரம் என்கிறது. 2024 பணிக்குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விடுமுறை கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளில் உச்சவரம்பு 26 மணி நேரம் ஏறியிருக்கிறது. பழைய விதி காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சாதி, ராகிங், சீனியர் வசை என்று வேறு சுமைகளும் உண்டு. மும்பையில் 2019ல் உயிரிழந்த பழங்குடி முதுநிலை மாணவி டாக்டர் பாயல் தட்வியின் வழக்கு அதைத்தான் நாட்டுக்குச் சொன்னது. இடையில் படிப்பை விட்டால் லட்சக்கணக்கில் அபராதம் என்ற பிணைப்பத்திரத்தைக் கைவிடும்படி மாநிலங்களுக்கு ஆணையம் 2024 ஜனவரியில் எழுதியது.

செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மாணவருக்குச் சிகிச்சை தருபவர் அவருக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. அந்தக் கேஸ் ஷீட் பொது அலமாரியில் கிடக்கக் கூடாது. பக்கத்து மாவட்டக் கல்லூரியுடன் ஏற்பாடு செய்துகொண்டால், அங்குள்ளவர் இங்கும் இங்குள்ளவர் அங்கும் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டாக்டரும் தனக்கென்று இன்னொரு டாக்டரை வைத்துக்கொள்ளலாம். தனக்குத் தானே சீட்டு எழுதும் பழக்கத்தை விடலாம்.

சிலிகோசிஸ் விஷயத்தில் மருத்துவம் கற்ற பாடம் ஒன்று உண்டு. தூசியைக் குறைக்க வழி, தொழிலாளியை மூச்சைக் கட்டுப்படுத்தச் சொல்வது அல்ல. தண்ணீர் பாய்ச்சித் துளையிட வேண்டும், காற்றோட்டம் கொடுக்க வேண்டும். மாற வேண்டியது சுரங்கம்தான். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியை நன்றாகப் படித்துத் தேறியவர்கள்தான் இன்று மருத்துவக் கல்லூரிகளை நடத்துகிறார்கள்.