பழைய பஞ்சாங்கம்!

போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாராவது கல்யாணத்துக்கு முகூர்த்தம் வைப்பார்களா? வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. ஆனால் கடலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர் பழைய பஞ்சாங்கத்தை நம்பினாரோ, தொலைந்தார்!

வேலைக்காக அல்ல, ஆசைக்காகச் சிறு பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மனைவி, குழந்தைகளோடு கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வழித்துணை ஒரு புத்தகம். துறைமுகத்துக்குள் எப்படி நுழைவது, எங்கே பாறை, எங்கே நங்கூரம் போடலாம், கடல் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது வற்றும், நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் - எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் 1932-ல் தொடங்கிய 'ரீட்ஸ்' கடற் பஞ்சாங்கம் இவற்றில் பேர் பெற்றது. வருஷா வருஷம் புதிய பதிப்பு வந்துவிடும்.

"எதற்காக வருஷா வருஷம்? கடல் எங்கே ஓடிப் போகிறது?" என்று கேட்பீர்கள். கடல் ஓடாது, அதன் அடியில் இருக்கும் மணல் ஓடும்!

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், டீபன் என்றொரு சிறு நதி கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் மணலும் கூழாங்கல்லுமாக ஒரு திட்டு. குளிர்காலப் புயல்கள் அதைப் புரட்டிப் போட்டுவிடும். போன வருஷம் படகு சுகமாகப் போன வழியில் இந்த வருஷம் தரை தட்டும். ஆகவே ஆண்டுதோறும் புதிதாக ஆழம் பார்த்து, வழிகாட்டும் மிதவைகளை இடம் மாற்றி, புதுப் படம் வெளியிடுகிறார்கள்.

பெரிய கப்பல்களுக்கு இந்தத் திருத்தங்களை பிரிட்டிஷ் காரியாலயம் வாரந்தோறும் அனுப்புகிறது. நம் நாட்டுக் கடற்படையின் கடலளவை இலாகாவும் மாதம் இருமுறை வெளியிடுகிறது - எங்கிருந்து தெரியுமா? கடல் வாசனையே அறியாத டேராடூனிலிருந்து! காகிதப் படத்தில் இவற்றை ஊதா கலந்த சிவப்பு மையால் கையாலேயே குறித்துக் கொள்வது மாலுமிகளின் வழக்கம்.

சரி, மாறுதலை முதலில் சொல்வது யார்? நேரில் கண்டவர்தான். அப்படிச் சொல்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் கதையைக் கேளுங்கள்.

1786-ம் வருஷம் பட்டேவியாவிலிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த கப்பல் ஒன்று, டீகோ கார்ஷியா தீவில் மோதி உடைந்தது. படத்தில் இருந்த தவறுதான் காரணம். கப்பலின் பெயர் 'அட்லஸ்' - தேசப்படப் புத்தகம்! அதில் பிழைத்த இளம் அதிகாரி ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க், விதியை நொந்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அன்று முதல் போன இடமெல்லாம் பாறையையும் காற்றையும் நீரோட்டத்தையும் குறித்து வைத்தார். மற்ற மாலுமிகளின் குறிப்புகளையும் சேர்த்தார். 1809-ல் வெளிவரத் தொடங்கிய அவருடைய கீழ்த்திசைக் கடல்வழி நூல் பல காலம் மாலுமிகளின் வேதமாக இருந்தது. அதையும் அவர் மறுபடி மறுபடி திருத்திப் பதிப்பித்தார். சிங்கப்பூர் அருகே ஒரு பாறை மீது 1851-ல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

"இதெல்லாம் பழங்கதை; இப்போதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே!" என்கிறீர்களா? 2013 ஜனவரியில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கார்டியன்' பிலிப்பைன்ஸ் பக்கம் டுபட்டாஹா பவழப் பாறையில் ஏறிக்கொண்டது. கம்ப்யூட்டர் படத்தில் அந்தப் பாறை சுமார் 8 கடல் மைல் தள்ளிக் காட்டப்பட்டிருந்தது. தவறு முன்பே தெரிந்து, ஒரு படத்தில் திருத்தினார்கள். இன்னொன்றில் திருத்தாமல் விட்டுவிட்டார்கள்! கப்பலில் இருந்தவர்களின் அஜாக்கிரதையும் சேர்ந்துகொண்டது. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை, கப்பலைத்தான் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆக, எந்தப் படமும் புத்தகமும் தானாகத் திருந்துவதில்லை. "மூன்றாவது மிதவை இடத்தில் இல்லை, படித்துறை இடிந்து கிடக்கிறது" என்று கரையேறியவர் நாலு வரி எழுதிப் போட்டால்தான் அடுத்த பதிப்பு சரியாக இருக்கும். எழுதினவர் பத்திரமாக ஊர் திரும்பிவிட்டார்; அவருக்கு இனி அதனால் ஒரு லாபமும் இல்லை. என்றோ ஓர் இருட்டு வேளையில், குழந்தைகளைக் கீழே தூங்க வைத்துவிட்டு அந்தத் துறைமுகத்தைத் தேடி வரும் யாரோ ஒருவருக்குத்தான் லாபம்.

வழியில் கிடக்கும் முள்ளை, நாம் தாண்டிய பிறகும் திரும்பி வந்து எடுத்துப் போடுகிறோம் அல்லவா? அந்தப் புண்ணியம்தான் இதுவும்!