கப்பல் பாய் கிழிந்தால்...?

குழந்தைகளே, பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள். அவ்வளவு சுலபமாகக் கிழியாது. இப்போது அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, மறுபடியும் இழுங்கள். சர்ரென்று கிழிந்துவிட்டதா? தாள் முழுவதும் பரவியிருந்த இழுவிசை, இப்போது வெட்டின் நுனியில் வந்து குவிந்துவிட்டது. அதனால்தான்!

பாய்மரக் கப்பலிலும் இதே கதைதான். (பாய் என்றதும் நாம் படுக்கும் கோரைப்பாயை நினைக்காதீர்கள். காற்றைப் பிடித்துக் கப்பலை ஓட்டும் பெரிய துணி அது.) காலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பலத்த காற்று அடித்தால், மாலைக்குள் பாயே இரண்டாகிவிடும். நடுக்கடலில் பாய் போய்விட்டால், கப்பலை நினைத்த பக்கம் செலுத்த முடியாது. பாறை இருக்கும் பக்கம் காற்று தள்ளினால் என்ன ஆகும்? அதனால்தான் பெரிய கப்பல்களில், பாய் தைப்பதற்கென்றே ஒருவரை வைத்திருந்தார்கள்.

அவருடைய ஊசி நம் வீட்டுக் கோணி ஊசியைப் போலத் தடிமனாக இருக்கும். நுனிப்பக்கம் மூன்று பட்டையாக இருக்கும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்வார். மெழுகு பூசிய நூல் முறுக்கு பிரியாது, சீக்கிரம் மக்காது. தடித்த கித்தான் துணியில் விரலால் ஊசியைக் குத்த முடியுமா? முடியாது. ஆகவே, குழி குழியான இரும்புத் துண்டு பதித்த தோல் பட்டையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு, அதனால் ஊசியைத் தள்ளுவார்.

நேராகக் கிழிந்திருந்தால் 'ஹெர்ரிங்போன்' தையல் போடுவார். ஹெர்ரிங் என்பது ஒரு கடல் மீன். அதன் முள்ளைப் போலத் தெரிவதால் இந்தப் பெயர். இதில் கிழிந்த ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து நிற்கும். பாயில் சுருக்கம் விழாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாத் துளையும் ஒரே வரிசையில் விழுந்தால், தபால்தலையைப் பிரிப்பது போல அந்த வரிசையிலேயே துணி கிழிந்துவிடும்!

ஓட்டை என்றால் ஒட்டுதான். ஒட்டுத் துணியின் இழை, பாயின் இழை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் இரண்டும் வெவ்வேறு விதமாக இழுபட்டு, ஒட்டைச் சுற்றிப் புதிதாகக் கிழியும். ஒட்டின் விளிம்பை மடித்துத் தைத்ததும் பாயைத் திருப்பிப் போட்டு, ஓட்டையைச் சதுரமாக வெட்டி, அந்த விளிம்பையும் உள்ளே மடித்துத் தைப்பார்கள்.

இன்றைய படகுகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் பாய்கள்தான். சிறு ஓட்டை என்றால், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பசை தடவிய பாய்த்துணியை இரண்டு பக்கமும் ஒட்டுகிறார்கள். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுவார்கள். கூர்மூலை என்றால் சீக்கிரம் உரிந்துவிடுமே! ஆனால், பல வருடம் வெயிலில் காய்ந்து துணியே இற்றுப்போயிருந்தால், எந்த ஒட்டும் நிற்காது. புதுப் பாய்தான் வாங்க வேண்டும்.

அடைக்காமல் விட்ட ஓட்டைகளும் உண்டு! 1805-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று நடந்த டிரஃபால்கர் கடற்போரில், நெல்சன் சென்ற கப்பல் 'விக்டரி'. அதன் பாய்களில் ஒன்று இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறது. அதில் சுமார் 90 ஓட்டைகள்! போரின் 200-ஆவது ஆண்டான 2005-இல், போர்ட்ஸ்மவுத் நகரில் அதை அந்த ஓட்டைகளோடுதான் காட்சிக்கு வைத்தார்கள். குண்டு எங்கெங்கே துளைத்தது என்று மக்கள் பார்க்க வேண்டாமா?