சுக்குக் காப்பியின் சூடு

காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லாத காப்பி எது? நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது விடுகதையே அன்று. கும்பப்பூ நடவுக்காக ஐப்பசி மழையில் நாளெல்லாம் வயலில் நின்றுவிட்டு, மேலெல்லாம் வலியோடு திரும்பும் என் பாட்டாவுக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சுக்குக் காப்பிதான் அது. தட்டிய சுக்கு, நல்லமிளகு, கொத்தமல்லி, கருப்பட்டி, இறக்கும்போது ஒரு கொத்துத் துளசி. வேறொன்றும் இல்லை.

சுக்கை ஏன் தட்டிப் போடுகிறார்கள்? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 ஆகிவிடும். நீர் தொடும் இடம் பத்து மடங்கு! துளசியைக் கடைசியில் போட்டு மூடுவதற்கும் காரணம் உண்டு. அதன் மண எண்ணெய்கள் நீராவியோடு பறந்துவிடும். அடுக்களை முழுவதும் மணக்கிறது என்றால், அந்த மணம் தம்ளரில் இல்லை என்று பொருள்.

இனி ஒரு வேடிக்கை. காப்பியை ஆறவிட்டு, வெப்பமானியை வையுங்கள். 30 டிகிரி காட்டும். குடித்துப் பாருங்கள், தொண்டை எரியும். வெப்பமானி பொய் சொல்கிறதா, நாக்கா? நாக்குத்தான். நம் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்னும் புரதம் இருக்கிறது. வெப்பம் ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டினால் அது திறந்து, மூளைக்குச் ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்பும். மிளகாயின் காப்சைசினும் மிளகின் பைப்பெரினும் இஞ்சியின் ஜிஞ்செராலும் வெப்பமின்றியே அதைத் திறந்துவிடுகின்றன. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இஞ்சி காயும்போது ஜிஞ்செரால் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து ஷோகால் ஆகிறது. அதற்குக் காரம் இன்னும் அதிகம்.

அதனால் வலி போகுமா? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நடந்து 2010இல் வெளியான சோதனையில், நாள்தோறும் 2 கிராம் இஞ்சி என 11 நாள் உண்டவர்களுக்கு, கடும் பயிற்சியால் வந்த தசைவலி சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. ஆனால் ஒரே ஒரு வேளை உண்டவர்களுக்கு முக்கால் மணி நேரத்தில் ஒரு குறைவும் தெரியவில்லை. எனவே, ஒரு தம்ளர் குடித்ததுமே பாட்டாவுக்குக் கிடைத்த சுகத்தில் வெந்நீருக்கும் கருப்பட்டிக்கும் திண்ணையில் சாய்ந்ததற்கும் பெரும்பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

எல்லா மேல்வலியும் உழைப்பால் வருவதன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் நிற்பவர்களுக்கு, காலிலுள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி புகுந்துவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். தொடக்கத்திலேயே கொடுத்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நன்றாக வேலை செய்யும். தாமதித்தால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். என் சித்தப்பா ஒருவர் வயல் வேலை அலுப்பு என்று நினைத்து நான்கு நாள் சுக்குக் காப்பியே குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்த பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தார். இப்போதும் மாலையில் அவருக்கு அதே காப்பிதான். காய்ச்சல் வந்தால் மட்டும், அடுப்பை மூட்டுமுன் சித்தி அவரை ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்.