பழைய டோக்கனால் வந்த ஆபத்து

திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வரும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. தொலைநோக்கி எடுக்கும் படத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. ஒளியே படாதபோதும் கருவி காட்டும் அளவை முதலில் கழிக்க வேண்டும். பிறகு, சீரான ஒளியில் எடுத்த படத்தின் அளவால் வகுக்க வேண்டும். 100இலிருந்து 10ஐக் கழித்து 2ஆல் வகுத்தால் 45. முதலில் வகுத்துப் பின் கழித்தால் 40! வரிசை மாறினால் விண்மீனின் ஒளியே மாறிவிடும்.

வங்கியிலும் வானிலைத் துறையிலும்கூடத் தகவல்கள் இப்படிப் படிப்படியாகத்தான் பக்குவப்படுகின்றன. எந்த வேலை எப்போது, எதற்குப் பின் நடக்க வேண்டும் என்று ஏவுவதற்கென்றே கணினி நிரல்கள் உண்டு. 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் பிறந்த ‘ஏர்ஃப்ளோ’ அவற்றுள் ஒன்று. அமேசான் போன்ற நிறுவனங்கள் தம் கணினிகளில் இதனை ஓடவிட்டு, இணையம் வழியே வாடகைக்குத் தருகின்றன. இதைத்தான் மேகக் கணிமை என்கிறோம்.

இந்த நிரல் தகவல் கிடங்கு அன்று. ஆனால் கிடங்குகளின் சாவிக்கொத்து இதனிடம்தான் இருக்கிறது. சாவி இல்லாமல் எப்படி வேலை வாங்குவது? ஆகவே, இதனைக் கைப்பற்றுபவன் தகவலைத் திருடலாம். யாரும் அறியாமல் வேலையின் வரிசையையும் மாற்றலாம்.

2024 மார்ச்சில் டெனபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம், அமேசானின் ஏர்ஃப்ளோ சேவையில் தான் கண்ட ஓட்டையை வெளியிட்டது. அதற்கு ‘ஃப்ளோஃபிக்சேஷன்’ என்று பெயர். அது என்ன?

சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைக் காட்டினால் சைக்கிள் கிடைக்கும், பெயரைக் கேட்கமாட்டார்கள். இணையத்திலும் கடவுச்சொல்லை ஒருமுறைதான் கொடுக்கிறீர்கள். பிறகு ‘குக்கீ’ என்னும் எண்தான் உங்கள் டோக்கன். ஒரு திருடன், தான் முன்பே குறித்து வைத்துக்கொண்ட எண்ணுள்ள டோக்கனை உங்கள் சட்டைப்பையில் போட்டுவிடுகிறான் என்று வையுங்கள். நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைகிறீர்கள். சேவை புது டோக்கன் தராமல், பழைய எண்ணுக்கு எதிரிலேயே உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான்! அதே எண்ணைக் காட்டித் திருடனும் நுழைவான். கடவுச்சொல் அவனுக்குத் தேவையே இல்லை.

சட்டைப்பையில் எப்படிப் போடுவான்? வாடகைக்கு இருப்போர் பலரின் இணைய முகவரிகளும் ஒரே தாய் முகவரியின் கீழ் இருந்தன. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்பி, ஒருவர் பக்கம் வைத்த குக்கீயை மற்றவர் பக்கத்துக்கும் உலாவி கொண்டுபோனது. திருடனும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தன் பக்கத்தின் இணைப்பை உங்களைச் சொடுக்க வைத்தால் போதும்.

அமேசான் 2023 செப்டம்பரிலேயே இதனைச் சரிசெய்துவிட்டது. ‘இந்த முகவரியின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்’ என்று உலாவிகளுக்கு அறிவிக்கும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் தம் முகவரிகளைச் சேர்த்தன.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் சொந்தக் கணக்குள்ள ஒரு தளத்தில், நுழைவதற்கு முன்னும் பின்னும் குக்கீகளின் எண்களை உலாவியில் பாருங்கள். நுழைந்தபின் புது எண் வந்திருக்கிறதா?