நெற்களஞ்சியத்தின் சுவர் தாங்கும் பாரம்

கட்டடம் எதுவாயினும், கூரையின் பாரம் கைமரங்கள் வழியாகச் சுவரை அடைந்து, சுவரிலிருந்து அஸ்திவாரத்திற்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போய்ச் சேருகிறது. இவ்வழியில் எந்த இடம் பலவீனமாயிருக்கிறதோ அவ்விடத்திலேயே விரிசல் காணும். கொத்தனாருக்கும் தச்சருக்கும் இது பழக்கத்தால் தெரிந்த விஷயம். ஆனால் குடியிருப்பதற்கென்று கட்டிய அறையில் நெல்லைக் கொட்டி வைக்கும்போது, கட்டியவர் எண்ணியிராத வேறொரு பாரம் அச்சுவருக்கு வந்து சேருகிறது. அது மேலிருந்து கீழே அழுத்தும் பாரமன்று. உள்ளிருந்து வெளியே தள்ளும் பாரம்.

பல வருஷங்களாக நெஞ்சளவு நெல்லைத் தாங்கி நின்ற சுவர், விளைச்சல் மிகுந்த ஒரு வருஷத்தில் உத்திரம் வரையில் நெல்லைக் கொட்டியவுடன் வெளிப்புறம் சாய்ந்துவிடுவதுண்டு. அப்பொழுது மழையின் மீதும் கொத்தனார் மீதும் பழி போடுவது வழக்கம். உண்மையான காரணம் கணக்குப் பார்த்தால் விளங்கும்.

களத்தில் நெல்லைக் குவித்தால் அது ஓரளவு சரிவாக நிற்கும். தண்ணீரைப்போல் முழுவதும் பரவிவிடாது. ஆகையால் தண்ணீர் கீழே அழுத்தும் அளவிற்கே பக்கத்திலும் தள்ளுகையில், நெல் தன் அழுத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு கன அடி நெல் சுமார் 16 கிலோ எடையுள்ளது. 10 அடி உயரம் கொட்டினால், அடித்தளத்தில் ஒவ்வொரு சதுர அடியிலும் 160 கிலோ அழுத்தமும், அதே மட்டத்தில் சுவரின் ஒவ்வொரு சதுர அடியிலும் 40 கிலோ தள்ளுதலும் உண்டாகும். மேலே போகப்போக இது குறைந்து, குவியலின் தலைமட்டத்தில் ஒன்றுமில்லாமல் போகும். மொத்தத்தில் சுவரின் நீளத்தில் ஓரடிக்கு 200 கிலோ என்று ஏற்படுகிறது. இத்தள்ளுதல் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வேலை செய்வதாகக் கொள்ளலாம்.

நெல்லின் உயரம் 5 அடியானால் தள்ளுதல் பாதியாகக் குறையும் என்று நினைப்பது தவறு. அது 50 கிலோதான். அதாவது நாலில் ஒரு பங்கு. அன்றியும், அது வேலை செய்யும் உயரமும் பாதியாகிவிடுவதால், சுவரைக் கவிழ்க்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிறது. திருப்பிச் சொன்னால், நெல்லின் உயரத்தை இரட்டித்தவர் சுவரின் கஷ்டத்தை எட்டு மடங்காக்குகிறார்.

இத்தள்ளுதலை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் சுவரின் சொந்த எடையே. 9 அங்குல கனமும் 10 அடி உயரமும் உள்ள செங்கற்சுவர், நீளத்தில் ஓரடிக்கு ஏறக்குறைய 400 கிலோ எடையிருக்கும். இந்த எடை சுவரின் வெளி விளிம்பிலிருந்து நாலரை அங்குலம் உள்ளே இறங்குகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் எதிர்க்கும் சக்தி 150 என்று வருகிறது. 5 அடி நெல்லின் கவிழ்க்கும் சக்தி சுமார் 83. ஆகையால் சுவர் நிற்கிறது. 10 அடி நெல்லுக்கு அது 667. அத்தகைய சுவர் வேறு பிடிமானமின்றி நிற்க முடியாது. கனத்தை ஒன்றரை அடியாக்கினாலும் எதிர்ப்பு சுமார் 600 வரையில்தான் வரும். 2 அடியாக்கினால் 1,000-க்குச் சற்று மேல் வந்து ஓரளவு பயமற்றதாகும். மூலைகளும் குறுக்குச் சுவர்களும் சிறிது உதவுமென்பது மெய்யே. ஆனால் நீண்ட சுவரின் நடுப்பாகத்திற்கு அவ்வுதவி எட்டுவதில்லை. வயிறு தள்ளுவதும் அவ்விடத்திலேதான்.

ஆகவே, சாதாரண வீட்டறையில் நெல் கொட்டுவோர் உட்சுவரில் 4 அடி உயரத்தில் சுண்ணாம்பினால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் கொட்டாதிருப்பதே செலவில்லாத வழி. அதிக நெல் உள்ளவர்கள் மூட்டையாகப் பிடித்து, ஒரு வரிசை நெடுக்கும் அடுத்த வரிசை குறுக்குமாக, பலகைகளின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து 2 அடி தள்ளி வைக்கலாம். அப்பொழுது சுவருக்குத் தள்ளுதலே கிடையாது. எலி புகுந்ததைக் கண்டுபிடிப்பதும் எளிது. நெல்லை உயரமாகக் கொட்டியே தீரவேண்டுமானால், வெளிப்புறத்தில் முட்டுச்சுவர்கள் வேண்டும். அவற்றைச் சுவரோடு சேர்த்து, சுவரின் ஆழத்திற்கே அஸ்திவாரம் தோண்டிக் கட்டவேண்டும். பூமியின் மேல் வெறுமனே சாய்த்து வைத்த முட்டு, முதல் மழையில் தானே இறங்கிவிடும்.

குதிரையும், தஞ்சை ஜில்லாவில் வைக்கோற் பிரி சுற்றிக் கட்டும் சேரையும் நம் முன்னோர் வட்டமாகவே அமைத்ததில் நல்ல யுக்தி இருக்கிறது. வட்டத்தில் நெல் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால், அத்தள்ளுதல் முழுவதும் சுற்றுவட்டத்தை இழுக்கும் சக்தியாக மாறுகிறது. நிமிர்ந்து நிற்கவும் மாட்டாத வைக்கோற் பிரி, இழுப்பை மட்டும் தாங்கக் கூடியதாகையால் இவ்வேலைக்குப் போதுமானது. செங்கல்லும் மண்ணும் இதற்கு நேர்மாறானவை. அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்கா. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய 36 அடி உயரமுள்ள நெற்களஞ்சியம் இன்றும் இருக்கிறது. அதில் 3,000 கலம் நெல் கொள்ளும். செங்கல்லால் குதிர் கட்ட விரும்புவோர், அவ்வளவு பெரிய வேலையில் இறங்காமல், ஓரடிக்கு ஒரு இரும்புப் பட்டையேனும் சுற்றிப் பிணைப்பது நலம்.

குறுகி உயர்ந்த குதிரில் மற்றொரு விசேஷமும் உண்டு. தானியம் சுவரோடு உராய்ந்து தன் எடையில் ஒரு பங்கைச் சுவரின் மேலேயே ஏற்றிவிடுவதால், ஓர் ஆழத்திற்குக் கீழே பக்கத் தள்ளுதல் அதிகரிப்பதில்லை. ஜெர்மனி தேசத்து எஞ்சினீயர் ஜான்ஸென் என்பவர் 1895-ல் இதைச் சோதித்து வெளியிட்டார். இதனால் சுவருக்குக் கீழ்நோக்கிய பாரம் கூடுகிறபடியால், குதிரின் அடிபீடம் கெட்டியாக இருக்கவேண்டும்.

கூரையும் சுவரை வெளியே தள்ளக்கூடும். ஓட்டுக் கூரையின் இருபக்கக் கைமரங்களும் அடியில் அகன்றுபோக முயல்கின்றன. குறுக்கே போட்ட விட்டமே அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. மூட்டை ஏற்றத் தலை இடிக்கிறதென்று விட்டத்தை அறுத்துவிடுவோர், தம் சுவரைத் தாமே தள்ளுகிறார்கள். உத்திரத்தையும் பட்டையாகப் படுக்க வைத்தலாகாது. 4 அங்குலமும் 8 அங்குலமும் உள்ள மரத்தை 8 அங்குலம் உயரமாக நிற்கும்படி வைத்தால், படுக்க வைப்பதைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கும். அதே பாரத்தில் வளைவதோ நாலில் ஒரு பங்கே.

நிற்க, கரிசல் மண்ணில் மேற்கண்ட ஏற்பாடுகள் மட்டும் போதா. அம்மண் மழையில் பொங்கிக் கோடையில் வெடிப்பதால், மேலாக இட்ட அஸ்திவாரம் வருஷத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. வெடிப்பு எட்டும் ஆழத்திற்குக் கீழே அஸ்திவாரம் போகவேண்டும். அது இயலாத இடங்களுக்கென ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் மணியைப்போல் விரிந்த கான்கிரீட் தூண்களைப் பூமியில் இறக்கி அவற்றின்மேல் சுவரெழுப்பும் முறையைக் கண்டிருக்கிறார்கள். செலவு சற்று அதிகந்தான்; சிறு கொட்டகைக்கு இது வேண்டியதில்லை.

கிராம அதிகாரிகளிடம் விரிசல் விட்ட கட்டடத்தைப்பற்றி யாரேனும் விசாரித்தால், விரிசலின் போக்கை முதலில் கவனிக்கவேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்கியிருக்கும். இரு சுவர்கள் கூடும் மூலையில் நெட்டாக நின்று மேலே அகன்றிருந்தால் சுவர் வெளியே சாய்கிறது. உள்ளிருக்கும் நெல்லை, சுவரின் மேல் சாயாத பக்கத்திலிருந்து உடனே இறக்கத் தொடங்க வேண்டும். விரிசல் பழையதா, வளர்கிறதா என்பது தெரியாவிடில், அதன் குறுக்கே சாந்துப் பட்டியொன்று தடவி, ஈரம் காயுமுன் தேதியைக் கீறி வைத்து, பதினைந்து நாள் கழித்துப் பார்க்கலாம். பட்டி வெடித்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.