பன்னிரண்டு லட்சம் ஊசி

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், வாயு இவற்றுக்கான மாத்திரைகளில்தான் எந்த மெடிக்கலும் பிழைக்கிறது. ஆனாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். மயஸ்தீனியா நோயாளிகளுக்கு பைரிடோஸ்டிக்மின், வில்சன் நோய் உள்ள பிள்ளைகளுக்கு பெனிசிலமின், அடிசன் நோய்க்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், அப்புறம் பென்சாதின் பெனிசிலின் ஊசி. எப்போதோ ஒருவர் வந்து கேட்பார். கேட்கிறவருக்கு அது இல்லாமல் நாள் நகராது.

இவற்றில் அந்த ஊசியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மற்றவை அரிய நோய்களுக்கானவை, கிடைப்பது சிரமம் என்றால் புரிந்துகொள்ளலாம். இதுவோ பழைய மருந்து, விலையும் மிகக் குறைவு, பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது. இதற்காகவும் ஊர் ஊராக அலைகிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைவலி வரும், போகும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சல் அடித்து, முழங்கால் வீங்கி, அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தி தன் இதயத்தையே தாக்குகிறது. குறிப்பாக மைட்ரல் வால்வை. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. அடுத்த தொண்டைவலி இன்னொரு தாக்குதலைக் கொண்டுவந்தால் தழும்பின்மேல் தழும்பு. அதைத் தடுக்கத்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இந்த ஊசி. அளவு 12 லட்சம் யூனிட். எடை குறைந்த சிறுபிள்ளைகளுக்கு 6 லட்சம். அதனால்தான் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் பன்னிரண்டு லட்சம் ஊசி என்கிறார்கள்.

இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கு ஐந்து வருடம் அல்லது 18 வயது வரை, பாதிப்பு வந்தவர்களுக்குப் பத்து வருடம் அல்லது 25 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை போட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வால்வு மோசமாகப் பழுதானவர்களுக்கு ஆயுள் முழுக்கக்கூட டாக்டர் சொல்வார். வால்வு ஆபரேஷன் முடிந்துவிட்டதே, இனி எதற்கு ஊசி என்று நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. அப்படி நிறுத்தக் கூடாது.

புட்டிக்குள் இருப்பது வெள்ளைத் தூள். ஊசிக்கான தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கரையாது, கெட்டிப்பால் மாதிரி நிற்கும். கொஞ்ச நேரம் வைத்தாலே அடியில் படிந்துவிடும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் 21 நம்பர் ஊசி கேட்டு வாங்குவார்கள். இடுப்புக்குக் கீழே ஆழமாகச் சதையில் மெதுவாக ஏற்ற வேண்டும். பிள்ளை அழும், மறுநாளும் காலைத் தாங்கி நடக்கும். கரையாத இந்தக் குணம்தான் மருந்தின் பலமும். சதைக்குள் தங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். மூன்றாவது வாரம் தாண்டினால் அளவு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் தேதி முக்கியம்.

போன ஆடியில் முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா மகளோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஆலங்குளத்துல எல்லா மெடிக்கல்லயும் கேட்டாச்சு. இப்ப வாறதில்லன்னுட்டாங்க."

"ஊசி என்னைக்குப் போடணும் தாயி?"

"போன வாரமே போட்டிருக்கணும்."

கையில் ஒரு புட்டி வேறு வைத்திருந்தார். ஏதோ ஒரு கடையில் இதுவும் பெனிசிலின்தான் என்று கொடுத்திருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் பென்சைல் பெனிசிலின், 10 லட்சம். அது சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். நல்ல மருந்துதான், ஆனால் வேறு வேலைக்கானது. அதைப் போட்டுவிட்டு மூன்று வாரம் நிம்மதியாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இதைத் தலைகீழாக மாற்றிச் செய்தால் உயிரே போகும்: பென்சைல் நரம்பில் ஏற்றலாம், பென்சாதின் ஒருபோதும் நரம்பில் ஏறக் கூடாது. ஆகவே சீட்டில் பென்சாதின் என்ற எழுத்தைப் பெட்டியிலும் படித்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். பெனிடியூர் போன்ற பிராண்டுப் பெயர் மாறினால் கவலையில்லை. உள்ளே இருக்கும் மருந்தும் யூனிட் அளவும் மாறக் கூடாது.

கடைகளில் ஏன் இல்லை? விலை கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு, அரசு வகுத்த கணக்கில், சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம். விலையே சொற்பம் என்னும்போது அதில் பதினாறு என்ன வரும்? தேங்கி எக்ஸ்பைரி ஆனால் ஸ்டாக்கிஸ்டிடம் திருப்பும் அலைச்சல் வேறு. இரண்டாவது, பயம். பெனிசிலின் ஒவ்வாமை அபூர்வமாகத்தான் வரும், வந்தால் நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். அதனால் சின்ன கிளினிக்குகளில் இந்த ஊசியைப் போட மறுக்கிறார்கள். போடுகிறவர் இல்லாத ஊரில் கடைக்காரர் எதற்கு வாங்கி வைப்பார்? டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்து, அட்ரினலின் கைவசம் வைத்து, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தால் பயத்தைச் சமாளிக்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது காரணம் நம் ஊரில் இல்லை. பூனாவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம்தான் நாட்டில் முதன்முதலாகப் பெனிசிலின் தயாரித்தது. பிற்பாடு சீனாவிலிருந்து மலிவாக மூலப்பொருள் வந்து குவிந்தபோது இங்கே அந்த மூலப்பொருளான பெனிசிலின்-ஜி தயாரித்த ஆலைகள் நின்றன. 2024-ல்தான் காக்கிநாடாவில் மறுபடி ஒரு பெரிய ஆலை வந்திருக்கிறது. வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலை நின்றால் முக்கூடல் பிள்ளைக்கு ஊசி இல்லை என்ற நிலைக்கு இப்படித்தான் வந்தோம். மலிவு மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மனநோய்க்கான லித்தியம் மாத்திரை உட்பட எட்டு மருந்துகளின் உச்சவிலையை 50 சதவீதம் உயர்த்தியது. விலை ஏறுவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் மருந்தே கிடைக்காமல் போவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

ஒரு கடையில் இல்லை என்றால், அந்தக் கடைக்காரரின் ஸ்டாக்கிஸ்ட் கொண்டுவரவில்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம். உடனே திரும்பாதீர்கள். "ஆர்டர் போட்டால் எப்போது வரும், வேறு யார் இதை வைத்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொடுப்பது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது வேறு வழி. வெளியில் கிடைக்காதது அங்கே இலவசமாகவே இருக்கலாம். அதனால் முதலில் இதயப் பிரிவில் விசாரியுங்கள். அடுத்து இதய ஆஸ்பத்திரிகளை ஒட்டிய மருந்துக்கடைகள். கேட்பவர் இருக்கிற இடத்தில்தான் சரக்கு நிற்கும். எங்குமே இல்லையென்றால் ஊசி நாளைத் தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். கிடைக்கும்வரை தினமும் சாப்பிடும் பெனிசிலின் மாத்திரைக்கு மாற்றித் தருவார். விலை நிர்ணய ஆணையத்தின் ஃபார்மா ஜன் சமாதான் தளத்தில் மருந்துத் தட்டுப்பாட்டைப் புகார் செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் அதில் கடமை உண்டு.

தூளாக வரும் புட்டியை, பெட்டியில் போட்டிருக்கிறபடி வெயில் சூடு படாமல் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பைரி தேதி பார்த்து அடுத்த முறைக்கு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். நான்கைந்து வாங்கிப் பதுக்க வேண்டாம். அது இன்னொரு பிள்ளையின் ஊசி.

எனக்கு அதிகக் கவலை இந்தப் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிப் போகும்போதுதான். இங்கே ஒழுங்காக ஊசி போட்டவர்கள் திருப்பூருக்கோ சூரத்துக்கோ போனதும் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தில் இதயத்துக்கு வேலை கூடும் நேரம் அது. கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி போடலாம், பயம் வேண்டாம். முக்கூடல் அம்மாவின் மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். போகும் ஊர் முடிவானதும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அங்கே எந்தக் கடையில் கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் போடுவார்கள் என்று ஸ்டாக்கிஸ்ட் மூலம் விசாரித்து, மருந்தின் முழுப் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி எல்லாம் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன்.