இரவல் அச்சும் 555 புத்தகமும்

கடந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மூன்றாவது தவணையை அன்றே கட்ட வேண்டுமாம். டிசம்பரில் வாங்கிய கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்கு மார்ச்சில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சரம் ஜனவரியிலேயே பாதி எரியாமல் போய்விட்டது என்பது வேறு கதை.

2023 டிசம்பரில் '12.12' மலிவு விற்பனையின்போது, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற வசதியை முதல் முறையாகத் தட்டினேன். குடும்பத்தில் ஐவருக்கும் ஒரே மாதிரி டி-சட்டை, பிளாஸ்டிக் மரம், விளக்குச் சரம், எனக்கு ஒரு கவுன், பல்கலைக்கழகத் தோழிகளுக்குள் நடந்த பரிசுப் பரிமாற்றத்துக்கு 50 ரிங்கிட் பொருள் ஒன்று. எல்லாம் சேர்த்து 640 ரிங்கிட். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய தொகையாகத் தெரியவில்லை. அதுதான் அந்த வசதியின் சாமர்த்தியம். பி.டி.பி.டி.என். கடனில் வந்த பணத்தை எடுத்து இன்னொரு கடனை அடைத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பாட்டியிடம் மட்டும் ஒருநாள் உளறிவிட்டேன். அவர் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது கூலாயில் எங்களோடு இருக்கிறார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அட, அது நம்ம 555 புத்தகம்தானே?" என்றார்.

மாணவ நண்பர்களில் சிலருக்கு 555 தெரியாமல் இருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிக் குறிப்புப் புத்தகம். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கை அதில்தான் எழுதுவார். அரிசி, மாவு, சீனி, துணி என்று எழுதிக்கொண்டே போவார்; சம்பள நாளில் கழித்துக்கொள்வார். "கிறிஸ்மஸ் கடன் அடையறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்மா. அடைச்சு முடிச்சா பள்ளிக்கூடம் பீஸு" என்றார் பாட்டி.

கடன் ஏன் டிசம்பரில் ஏறியது என்பதற்கு அவர் சொன்ன காரணம் எந்தப் பாடநூலிலும் நான் படிக்காதது. டிசம்பர் ஜொகூரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை ஈரமாகிவிடும். வெட்டினாலும் பால் கோப்பையில் இறங்காமல் பட்டையோடு வழிந்து போகும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆக, ஆண்டிலேயே வருமானம் குறைந்த மாதத்தில்தான் எங்கள் பெருநாள் வந்தது. கையில் காசு இல்லாத மாதத்தில் எப்படிக் கொண்டாடினார்கள்?

இங்குதான் பாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூங்கிலைப் பிளந்து குச்சிகளாக்கி நட்சத்திரம் கட்டுவார்களாம். ஐந்து குச்சிகளில் ஒரு நட்சத்திரம், இன்னோர் ஐந்தில் மற்றொன்று. இரண்டின் முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிய கூடு கிடைக்கும். மரவள்ளி மாவுப் பசையில் வண்ணத் தாள் ஒட்டி, உள்ளே சின்ன மண்ணெண்ணெய் விளக்கு வைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் லயத்தில் ஒரு நட்சத்திரமாவது தீப்பிடிக்கும் என்று சிரித்தார். குடிலுக்கு வைக்கோல் கிடையாது, லாலாங் புல்தான். அதன் ஓரம் கையை அறுக்கும். இரண்டு வாரம் முன்பே பால்மாவு டின்னில் கேழ்வரகு விதைத்துவிட்டால், கிறிஸ்துமசுக்குக் குடில் முன்னால் பச்சை வயல் தயார்.

இந்தக் குடிலின் பூர்வீகமும் எளிமைதான். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ், கிறிஸ்து பிறப்பு இரவன்று ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றை வைத்து அந்தக் காட்சியை ஊர் மக்களுக்குக் காட்டினார். கையில் இருந்ததைக் கொண்டு செய்தார். எண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே குடிலை நான் இணைய அங்காடியில் தள்ளுபடி விலையில் தேடிக்கொண்டிருந்தேன்!

நான் மெய்மறந்து, "அந்தக் காலமே நல்லா இருந்துச்சு இல்ல பாட்டி?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நல்லா இருந்துச்சுன்னு யாரு சொன்னா? எங்களுக்கு வேற வழி இல்ல. உங்கப்பாவுக்கு ஒரு பெருநாளைக்குச் சட்டை எடுக்க முடியலன்னு நான் அழுதிருக்கேன். அத நீ பெருமையா எழுதிராத" என்றார்.

எழுதிவிட்டேன், பாட்டி. ஆனால் நீங்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வறுமைக்கு 'எளிமை' என்று அழகான பெயர் சூட்டுவது எளிது. வாங்க முடிந்தும் வேண்டாம் என்று சொல்வது ஒன்று. வாங்கவே முடியாமல் இருப்பது முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் இந்த விஷயத்தைப் பேசக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. 2006 டிசம்பர் 19-ஆம் தேதியை ஒட்டிப் பெய்த பெருமழையில் ஜொகூரின் பல பகுதிகள் மூழ்கின. கோத்தா திங்கி, சிகாமட் எல்லாம் வெள்ளக்காடு. 2007 ஜனவரியில் வெள்ளம் மறுபடியும் வந்தது. இரண்டு முறையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அப்போது நாங்கள் கோத்தா திங்கியில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இரண்டு வயது. அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஒரு பள்ளி மண்டபத்தில், துயர் துடைப்பு மையத்தில் நடந்தது. நான் அழுதுகொண்டே இருந்தேனாம். அம்மா பிஸ்கட் பெட்டி அட்டையை நட்சத்திரமாக வெட்டிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துப் பாயில் இருந்த மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரில் ஏழெட்டு நட்சத்திரங்கள். "அந்த அட்டைய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ஜனவரி வெள்ளத்துல அதுவும் போயிருச்சு" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

இதையெல்லாம் கேட்ட பிறகு சென்ற ஆண்டு, அதாவது 2024-இல், வீட்டில் ஒரு தீர்மானம் போட்டோம். கடன் கிடையாது. பரிசு கிடையாது. அலங்காரமும் பலகாரமும் கையால் செய்ய வேண்டும். தீர்மானத்தை முன்மொழிந்தது நான். என் 640 ரிங்கிட் கதையை அப்போதுதான் வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர். அவருடைய மௌனம் திட்டுவதைவிட வலித்தது.

பலகாரம் என்றால் எங்கள் வீட்டில் அச்சு முறுக்குதான். மலாய்க்காரர்கள் இதையே குவே ரோஸ் என்பார்கள். சீனர்களும் பெருநாளுக்குச் செய்வார்கள். பாட்டியின் பித்தளை அச்சு தோட்டத்திலிருந்து வந்தது. எங்கள் தாமானில் அது ஒரு வீட்டில் தங்குவதே இல்லை. தீபாவளிக்கு எதிர் வீட்டு அக்கா, டிசம்பரில் நாங்கள், சீனப் பெருநாளுக்கு மூலை வீட்டு ஆன்ட்டி, நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் என்று ஊர்வலம் போகும். மக்சிக்குக்கும் சரிப்பட வேண்டும் என்பதால், எல்லா வீட்டிலும் அதற்கென்று தனிச் சட்டி; சமையல் எண்ணெய் தவிர வேறு எதிலும் அது முங்கக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். இதுவரை யாரும் மீறியதில்லை.

மாவு கரைத்தது நானும் தம்பியும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. முதல் பத்து முறுக்கு அச்சைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தன. தம்பி கரண்டியால் சுரண்ட, பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு மக்சிக் வேலி வழியாக எட்டிப் பார்த்து வழி சொன்னார்: அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடேற்று, தாளில் ஒற்று, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கு. விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் அச்சை மூடிக்கொள்ளும். பிறகு எங்கே கழலும்? பதினொன்றாவது முறுக்கு பூவைப் போல எண்ணெயில் மிதந்தபோது நாங்கள் இருவரும் கத்தியது மூலை வீடுவரை கேட்டிருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'வீட்டிலேயே செய்வோம்' என்று சொல்வது சுலபம், செய்வது யார்? தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, முதல் இரண்டு நாள் இரவு பதினொரு மணிவரை அடுப்படியில் நின்றார். தீர்மானம் போட்டது நான். கால் வீங்கியது அம்மாவுக்கு. மூன்றாம் நாள் அட்டவணை போட்டோம். அப்பா மூங்கிலும் நட்சத்திரமும், நான் முறுக்கு, தம்பி குடிலும் பாத்திரமும், அம்மா 24-ஆம் தேதி கோழிக்கறி மட்டும். கடையில் வாங்குவதைக் குறைத்துவிட்டு அந்தப் பாரத்தை வீட்டுப் பெண்களின் முதுகில் ஏற்றினால், அது எளிமையான பெருநாள் ஆகாது. வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மொத்தச் செலவு 180 ரிங்கிட் அளவில் முடிந்தது. அதில் பெரும்பகுதி கோழிக்கு.

தோழிகளின் பரிசுப் பரிமாற்றம்தான் என்னைப் பயமுறுத்தியது. 50 ரிங்கிட் வரம்பு. நான் ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கும், செய்முறையைக் கையால் எழுதிய அட்டையும் கொண்டுபோனேன். எல்லாரும் பொட்டலம் பிரித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. என் டின் போய்ச் சேர்ந்த தோழி ஒரு கணம் 'இவ்வளவுதானா' என்பது போலப் பார்த்தாள், நான் கவனித்தேன். பிறகு டின் சுற்றி வந்தது, பத்து நிமிடத்தில் காலி. எனக்குக் கிடைத்தது ஒரு வாசனை மெழுகுவர்த்தி. எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பொருளியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்த மெழுகுவர்த்தி விஷயம் சுவைக்கும். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1993-இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் கேட்டது இதுதான்: உனக்கு வந்த பரிசின் விலை எவ்வளவு இருக்கும்? உணர்வு மதிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் அதற்கு நீ எவ்வளவு கொடுப்பாய்? இரண்டாவது தொகை குறைவாகவே வந்தது. பரிசின் மதிப்பில் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்று கணக்கிட்டார். தூரத்து உறவினர்கள் வாங்கித் தரும் பொருள்களில் இழப்பு அதிகம். நெருங்கிய நண்பர்கள் தருவதில் குறைவு. இந்தக் கணக்குப்படி பார்த்தால் பாட்டி நீட்டும் அங்பாவ் கவரை அடிக்க ஆளே இல்லை! ஆனால் அவர் கழித்துவிட்ட அந்த 'உணர்வு மதிப்பு' இருக்கிறதே, பள்ளி மண்டபச் சுவரில் ஒட்டிய அட்டை நட்சத்திரத்தில் அதைத் தவிர வேறு என்ன இருந்தது?

அமெரிக்காவில் பில் மெக்கிபன் என்ற சுற்றுச்சூழல் எழுத்தாளர் தம் ஊர்ப்பக்கத்து மெதடிஸ்ட் தேவாலயங்களில் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு குடும்பம் கிறிஸ்துமசுக்கு 100 டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் அது. 1998-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பூமியைக் காப்பாற்றத்தான் அவர் தொடங்கினார். ஆனால் மக்கள் சேர்ந்துகொண்டது மகிழ்ச்சியான ஒரு பெருநாள் வேண்டும் என்பதற்காக என்று பிறகு சொன்னார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. பிளாஸ்டிக் மரத்தின் கரியமிலக் கணக்கைச் சொல்லி என் தம்பியை அடுப்படிக்குள் வரவைத்திருக்க முடியாது.

தம்பி என்றதும் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 'பரிசே கிடையாது' என்ற சட்டம் தவறு. அவன் படிவம் 4 படிக்கிறவன். பள்ளிக் காற்பந்துக் குழுவில் விளையாடுகிறான். அவனுடைய காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. 25-ஆம் தேதி காலையில் நண்பர்களின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அறைக்குள் போனவன், மதியம்வரை வெளியே வரவில்லை. "நீ போன வருசம் எல்லாம் வாங்கிட்ட அக்கா. இப்ப வேணாம்னு சொல்றது உனக்கு ஈசி" என்றான். பாட்டி அன்று சொன்னதையே இவன் வேறு விதமாகச் சொல்கிறான் என்று பட்டது. ஜனவரியில் காலணி வாங்கினோம். இந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது: ஆளுக்கு ஒரு பொருள், தேவையானது, ரொக்கத்தில்.

இந்த ஆண்டு எங்களுக்கு இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். பள்ளி விட்டதும் சீருடையிலேயே மாலைத் திருப்பலிக்கு ஓடியது நினைவிருக்கிறது. கடந்த ஜனவரியிலிருந்து ஞாயிறு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகவே திருவருகைக் காலத்து ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். மூங்கில் முதல் ஞாயிறே வந்துவிட்டது. கேழ்வரகு முளைவிட்டு விரற்கடை உயரம் நிற்கிறது.

அச்சுதான் இன்னும் வந்து சேரவில்லை. தீபாவளிக்கு வாங்கிப்போன எதிர் வீட்டு அக்கா, பாசிர் கூடாங்கில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம். நேற்றுத் தம்பியை அனுப்பிக் கேட்டேன். சனிக்கிழமை கட்டாயம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மக்சிக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு முறை விசாரித்துவிட்டார், "அச்சு வந்துருச்சா?" என்று.